ஏலத்தில் நிறுத்திவைத்த ஆட்டக்காரன்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு ஜோடி புது பூட்ஸோடு மூன்று பேர் நம் வீட்டுக்கு வந்தார்கள் அல்லவா, அவர்களை நான் வாசலோடு திருப்பி அனுப்பினேன். ஒரு வாய் டீ கூடக் கொடுக்கவில்லை. "அப்பா எதுக்கு அப்படிப் பேசுனாரு?" என்று சின்னவள் அம்மாவிடம் கேட்டாளாம். பெரியவன் கண் பூட்ஸ் மேலேயே இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். ஆனால் முழுசாகப் படியுங்கள்.

வந்த மூவரில் மப்ளர் சுற்றிய கிழவர் ஒருவர் இருந்தாரே, நான் ஆடிய காலத்தில் அவர்தான் எங்கள் கிளப்பின் செக்ரட்டரி. குன்னூரில் ஒரு தேயிலை புரோக்கர் ஆபீஸில் டீ ருசி பார்ப்பது அவர் வேலை. வரிசையாக வைத்த கோப்பைகளிலிருந்து ஸ்பூனில் எடுத்து, சர்ரென்று உறிஞ்சி, வாயில் சுழற்றி, துப்பிவிட்டு விலை சொல்ல வேண்டும். அந்த வேலையில் கெட்டிக்காரர் என்று சொல்வார்கள். இருக்கட்டும். மனுசர்களையும் அதே மாதிரி உறிஞ்சித் துப்பி விலை சொல்லலாம் என்று நினைத்தாரே, அதைத்தான் என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை.

கிளப்பின் தலைவர் எங்கள் முதலாளி. சின்ன விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூள் செய்யும் ஃபேக்டரி வைத்திருந்தார். நான் அங்கே தூள் சலிக்கும் ரூமில் இருந்தேன். உங்கள் சித்தப்பா, அதாவது என் தம்பி, எடை போடும் இடத்தில் இலை மூட்டை தூக்கினான். டீமில் இருந்தவர்கள் எல்லாருமே அந்த ஃபேக்டரி ஆட்கள்தான். ரஷ்யாக்காரன் நம் தூளை வாரிக்கொண்டு போன காலம் அது. எதை மூட்டை கட்டினாலும் விலை போனது. கையில் காசு புரண்டதும் முதலாளிக்குப் பேர் வேண்டியிருந்தது. கோயில் கமிட்டியில் அவரைவிடப் பெரிய புள்ளிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஃபுட்பாலில் அந்தத் தொல்லை இல்லை. மாவட்ட லீக்கின் இரண்டாம் டிவிஷனில் ஒரு கிளப்பைச் சேர்த்துவிட்டார்.

கிளப்புக்குப் பணம் அவர் பையிலிருந்து வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். மாதா மாதம் எங்கள் சம்பளத்தில் 'ஸ்போர்ட்ஸ்' என்று ஒரு தொகை பிடிப்பார்கள். தூளில் காம்பு பொறுக்கும் பெண்களுக்கும் பிடித்தார்கள். அவர்களில் ஒருத்தி கூட ஓர் ஆட்டத்தைப் பார்த்தவள் இல்லை. அந்தக் காசில் வாங்கிய ஜெர்சியின் நெஞ்சில் முதலாளியின் தூள் பாக்கெட் படம். பயிற்சி முடிந்ததும் ஆளுக்கு ஒரு வேகவைத்த முட்டையும் ஒரு மலைப்பழமும் உண்டு. முட்டை கொடுக்கும்போது முதலாளி ஜீப்பில் வந்து இறங்குவார். அவருக்கு ஃபேக்டரியிலிருந்து நாற்காலி வரும். உட்கார்ந்து நாங்கள் தின்பதைப் பார்ப்பார்.

"நல்லாத் தின்னுங்கப்பா. உங்களை நம்பித்தான இத்தனை செலவு பண்றேன்" என்பார். எங்கள் காசு முட்டையைத் தின்பதற்கு நாங்கள் தலையாட்டி நன்றி சொல்ல வேண்டும். சொன்னோம்.

இன்னொரு வேலையும் செய்தார்கள். லீக் நடத்தும் சங்கம், பதிவு செய்த ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் பஸ் காசும் டிபன் காசும் கிளப்பிடம் கொடுத்துவிடும். இது தெரிந்ததும் கமிட்டிக்காரர்கள் எல்லாரும் தங்களையும் ஆட்டக்காரர்களாகப் பதிந்துகொண்டார்கள். தலைவர் ஃபார்வர்டு, செக்ரட்டரி ஃபார்வர்டு, பொருளாளரும் ஃபார்வர்டு. பின்னால் நிற்க ஒருவருக்கும் மனசு வரவில்லை. முதலாளியின் ஜீப் ஓட்டிய டிரைவர் அண்ணன் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். அந்த அண்ணனுக்குப் பந்து ஆடவும் தெரியாது, தன் பெயரில் டிபன் காசு வருவதும் தெரியாது. விஷயம் தெரிந்த அன்றைக்கு எங்கள் முன்னாலேயே கேட்டார்.

"ஏனுங்க முதலாளி, நானும் பந்து ஆடறனாமுங்களே?"

"அது சும்மா பேருக்குத்தானப்பா."

"பேருக்கு வர்ற டிபன் வயித்துக்கு வராதுங்களா?"

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். டிபன் வரவில்லை. டிரைவர் அண்ணன் வண்டியைக் கிளப்பினார்.

இனி உங்கள் சித்தப்பாவுக்கு வருகிறேன். அவன் இடது விங். நாங்கள் பயிற்சி செய்த இடம் ஃபேக்டரிக்குப் பின்னால், இடது பக்கம் சரிந்து கிடக்கும். பந்து கோட்டைத் தாண்டினால் தேயிலைச் செடிகளுக்குள் உருண்டு கீழே ஓடைவரை போய்விடும். யார் காலிலிருந்து போனதோ அவனே இறங்கி எடுத்துவர வேண்டும். ஈரச் செடிக்குள் புகுந்து ஏறி வருவதற்குள் இடுப்பு வரை நனைந்து குளிரில் பல் கிட்டும். அதற்குப் பயந்தே தம்பி பந்தைக் கோட்டுக்கு உள்ளே வைத்துக்கொள்ளப் பழகினான். அவனைச் சமமான மைதானத்தில் இறக்கிவிட்டால் பந்தை அவன் காலிலிருந்து பிடுங்க ஆள் கிடையாது.

வெலிங்டனில் நடந்த ஓர் ஆட்டத்தைக் கோயமுத்தூர் மில் ஒன்றின் பயிற்சியாளர் வந்து பார்த்தார். ஆட்டம் முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"அது உங்க தம்பிங்களா? மில்லுல வேலை, தங்க ரூம், டீம்ல இடம். வேலையை பர்மனென்ட் ஆக்கறது என்னோட பொறுப்பு. உங்க கிளப்புல என்.ஓ.சி மட்டும் வாங்கிக் குடுத்துருங்க."

என்.ஓ.சி என்றால், இவன் வேறு கிளப்புக்குப் போவதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று பழைய கிளப் எழுதிக் கொடுக்கும் காகிதம். அது இல்லாமல் யாரும் எங்கேயும் போய் ஆட முடியாது. வருஷத்தில் ஒரே ஒரு மாதம்தான் அப்படிக் கிளப் மாறலாம். அந்த மாதம் அப்போதுதான் பிறந்திருந்தது. என்.ஓ.சி கொடுத்தால் கிளப்புக்கு மில் ஒரு தொகையும் சில புதுப் பந்துகளும் தருவதாகச் சொல்லியது. தம்பிக்குப் பத்தொன்பது வயசு. மூட்டை தூக்கித் தோல் உரிந்த தோளோடு இருந்தான். எங்கள் அம்மா மறுநாளே குன்னூர் மார்க்கெட்டுக்குப் போய்ப் பச்சைப் பெயின்ட் அடித்த தகரப் பெட்டி ஒன்று வாங்கிவந்து, அவன் துணியை மடித்து வைத்துவிட்டாள்.

செக்ரட்டரி அவ்வளவு சுலபத்தில் விடுகிறவரா? "முதல் கேள்வியிலயே குடுத்துட்டா அதுக்குப் பேரு ஏலமா?" என்றார் முதலாளியிடம்.

ஏலத்தில் என்ன செய்வார்கள் என்று சொல்கிறேன். குன்னூரில் வாரா வாரம் தேயிலை ஏலம் நடக்கும். நாம் நினைத்த விலைக்குக் கேள்வி வராவிட்டால், அதாவது அந்த விலைக்கு யாரும் கேட்காவிட்டால், அந்தச் சரக்கை 'அவுட்' என்று நிறுத்திவைத்து, பிறகொரு வாரம் திரும்பக் காட்டலாம். தூள் குடோனில் மூட்டைக்குள் கிடக்கும். அது பசிக்கிறது என்று கேட்காது. அதற்கு அம்மா பெட்டி வாங்கி வைத்திருக்க மாட்டாள். வாழ்நாள் முழுக்க ஏலக்கூடத்திலேயே கிடந்த அந்த மனுசனுக்கு, கிளப் மாறும் மாதம் முடிந்தால் முடிந்ததுதான், அடுத்த வாரம் என்று ஒன்று வராது என்பது உறைக்கவே இல்லை. முதலாளிக்கும் அதே புத்திதான். இரண்டு பேரும் சேர்ந்து என் தம்பியைச் சரக்காக்கினார்கள்.

போட்டிக்கு இன்னொரு கேள்வி வேண்டும் என்று பாலக்காட்டிலிருந்து ஒரு கிளப்பின் ஆட்கள் இரண்டு பேரை வரவழைத்தார்கள். இலை கொட்டும் முற்றத்தில் நாற்காலி போட்டு, டீ கொடுத்து, வேலை நடுவில் தம்பியைக் கூப்பிட்டார்கள். முதுகில் மூட்டைத் தூசியோடு வந்தான். செக்ரட்டரி அவன் பேன்டை முழங்கால் வரை சுருட்டச் சொல்லி, கெண்டைக்காலைக் கட்டைவிரலால் அமுக்கிக் காட்டினார்.

"பாருங்க. குளிர்ல விளைஞ்ச சரக்கு. கீழ்நாட்டுல இந்தத் தரம் கிடைக்காது."

"ஓடிக் காட்டு கண்ணு" என்றார் முதலாளி.

மூட்டைகளுக்கு நடுவில் தம்பி ஓடினான். திரும்ப ஓடினான். காம்பு பொறுக்கும் பெண்கள் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். நானும் தூள் சலிக்கும் ரூம் வாசலில் நின்றேன். பாலக்காட்டுக்காரரில் வயசானவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மதி, மதி" என்று கையை ஆட்டினார். போதும் என்று அர்த்தம். அவருக்கே கூச்சமாகிவிட்டது. எங்கள் ஆட்களுக்கு ஆகவில்லை.

அவர்கள் ஒரு தொகை சொன்னார்கள். அதைத் தூக்கிக்கொண்டு போய் செக்ரட்டரி மில்காரரிடம் ஏற்றிக் கேட்டார். அவர் மாட்டேன் என்றார். மில் மாட்டேன் என்றது தெரிந்ததும் பாலக்காட்டுக்காரர்களும் சொன்ன தொகையைக் குறைத்தார்கள். செக்ரட்டரி அசரவில்லை. "இப்போதைக்கு அவுட். திரும்பக் காட்டலாம்" என்றார். மாதக் கடைசியில் நான் அவர் வீட்டுக்கே போனேன்.

"நாளையோட முடியுதுங்க. மில்லுக்கே குடுத்துருங்க, புண்ணியமாப் போகும்."

"தம்பி, எந்தப் பார்ட்டியும் கடைசி நேரத்துலதான் ஏறி வரும். நான் பார்க்காத ஏலமா?"

"அவங்க வரலீன்னா?"

"வருவாங்கங்கறேன். நீ போய்ப் படு."

யாரும் ஏறி வரவில்லை. இறங்கியும் வரவில்லை. மாதம் முடிந்தது. மறுநாள் செக்ரட்டரி சொன்னது இதுதான்: "மார்க்கெட் டல்லப்பா. அடுத்த வருசம் நல்ல விலை போவான்."

தம்பி அன்றைக்குப் பெட்டியைத் திறந்து ஒரு சட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு, மறுபடி மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். அம்மா மீதித் துணியை வெளியே எடுக்கவே இல்லை. மில் பயிற்சியாளருக்கு நான் போன் செய்து சொன்னேன். "பொங்கல் வரைக்கும் அந்த இடத்தை நிரப்பாம வெச்சிருக்கறனுங்க. அதுக்கு மேல என்னோட கையில இல்லை" என்றார்.

பொங்கலுக்குள் அவன் விடுபட ஒரே வழி இருந்தது. அந்த வழியை எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததும் செக்ரட்டரிதான். அணி மைதானத்துக்கு வராவிட்டால் எதிரணி ஆடாமலே ஜெயித்ததாகச் சங்கம் எழுதிக்கொள்ளும். வாக்ஓவர் என்பார்கள். யாராவது காய்ச்சல் என்றால் போதும், செக்ரட்டரி கத்துவார்: "அடுத்தடுத்து ரெண்டு வாக்ஓவர் ஆனா கிளப்பையே தூக்கிருவாங்க! ஒரு ஆளு கூட நமக்கு மிஞ்சமாட்டான், அத்தனை பேரும் அன்னைக்கே ஃப்ரீ, மாசம் பார்க்காம எந்த கிளப்புக்கும் போயிருவானுங்க! மூடிட்டு கிளம்புங்கடா!" எங்களுக்கு இது மனப்பாடம். ஆனாலும் வேண்டுமென்று செய்ய யாருக்கும் துணிச்சல் வரவில்லை. முதல் வாக்ஓவரை முதலாளியே கொடுத்தார்.

மழை விட்டு லீக் ஆரம்பித்த சமயம், இலை பெருகிவிட்டது. இத்தலார் பக்கமிருந்து லாரி லாரியாக வந்து இறங்கியது. பச்சை இலையைக் கிடக்கவிட்டால் சிவந்து கெட்டுப்போகும். ஆட்டத்துக்குக் கிளம்பி நின்ற எங்களை முதலாளி வாசலில் மறித்தார்.

"எங்கப்பா எல்லாரும்?"

"மேட்ச்சுங்க முதலாளி."

"இலை கிடக்கறப்ப மேட்ச்சா? ஒரு மேட்ச் போனாப் போகுது, மிஷினைப் போடுங்க."

ஜெர்சியோடு போய் மிஷினைப் போட்டோம். இவர்தான் விளையாட்டை வளர்த்தவர். மறுநாள் செக்ரட்டரி தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். ஒன்று போய்விட்டது, அடுத்த ஆட்டத்துக்கு எல்லாரும் வந்தே ஆக வேண்டும் என்றார். அடுத்த ஆட்டம் வெலிங்டனில், ஞாயிற்றுக்கிழமை. டீ குடிக்கும் நேரத்தில் எங்கள் கோல்கீப்பர்தான் பேச்சை எடுத்தான்.

"ஞாயித்துக்கிழமையும் இலை வருமுல்ல?"

"வரும். ஏன்?"

"இலை கிடக்கறப்ப மேட்ச்சான்னு முதலாளி கேட்டாரு. பெரியவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

ஒருவன் டீயைச் சிரித்துத் துப்பினான். வேறு பேச்சு நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேரும் மேட்ச்சுக்கு லீவு கூடக் கேட்காமல் ஷிப்டுக்குப் போய்விட்டார்கள். எனக்கும் தம்பிக்கும் அன்றைக்கு வார லீவு. பேன்ட் சட்டையோடு வெலிங்டன் மைதானத்து மேட்டில் போய் நின்றோம்.

அங்கே பார்த்த கண்காட்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஓர் அணி ஆடுவதற்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். கமிட்டியில் ஆறு பேர், டிரைவர் அண்ணன் ஏழாவது. டிபன் காசுக்காகப் பதிந்த பெயர்கள் அன்றைக்குக் கை கொடுத்தன. ஏழு பேரும் ஜெர்சி போட்டுக்கொண்டு மைதானத்தில் நின்றார்கள். முதலாளியின் வயிற்றில் ஜெர்சி பாதியில் நின்றுவிட, தூள் பாக்கெட் படம் இழுபட்டு பூசணி மாதிரி இருந்தது. செக்ரட்டரி மப்ளரைக் கழற்றவில்லை. பொருளாளர் ஸ்வெட்டர் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு கோலில் நின்றார். எதிரே வெலிங்டன் ராணுவ முகாமில் வேலை பார்க்கும் சிவிலியன் ஊழியர்களின் அணி. பையன்கள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்தினார்கள். ரெஃப்ரி ஒரு ராணுவ ஹவில்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

எங்களைப் பார்த்துவிட்டு செக்ரட்டரி மேட்டில் ஏறி மூச்சு வாங்க வந்தார். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு, எறங்கு கண்ணு. உனக்கு ஜெர்சி வெச்சிருக்கறேன். நீ ஒருத்தன் இருந்தாப் போதும்."

தம்பி என்னைப் பார்த்தான். நான் கேட்டேன்: "என்.ஓ.சி எழுதிக் குடுத்தர்றீங்களா? இப்பவே. அடுத்த தடவை கிளப் மாறற மாசம் வந்ததும் அவன் போறான்னா போகட்டும்னு சங்கத்துக்கு ஒரு கடுதாசி. இப்ப எழுதுனா இப்ப எறங்குவான்."

மனுசன் யோசித்தார். கிளப் மூழ்கிக்கொண்டிருக்கிறது, முதலாளி கீழே பூசணி மாதிரி நிற்கிறார், அப்போதும் யோசித்தார். "எழுதறது பெருசில்லை. ஆனா ரேட்டுன்னு ஒண்ணு பேசாம எப்படிப்பா..." என்றார்.

தம்பி கையை விடுவித்துக்கொண்டான். "நான் அவுட்டுங்க. நீங்க போய் ஆடுங்க" என்றான். அவன் அவர்களிடம் எதிர்த்துப் பேசியது அது ஒன்றுதான்.

ஆட்டம் தொடங்கியது. ஆட்டம் என்று சொல்லவே வாய் கூசுகிறது. பந்து வரும் பக்கம் முதலாளி முதுகைக் காட்டினார். பொருளாளர் கோல் விழுந்த பிறகுதான் பாக்கெட்டிலிருந்து கையை எடுத்தார். கோல்கள் விழுந்துகொண்டே இருந்தன. செக்ரட்டரிக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. தோற்றால் கிளப் போகாது. முழு நேரமும் ஏழு பேர் நின்றால் போதும். "நில்லுங்க, நின்னாப் போதும்!" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

அப்போது டிரைவர் அண்ணன் உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் பந்தும் இல்லை, ஆளும் இல்லை. நடு மைதானத்தில் கைலியை விரித்துச் சாப்பிட உட்காருகிற மாதிரி நிதானமாக உட்கார்ந்து, கணுக்காலைப் பிடித்துக்கொண்டார்.

முதலாளி ஓடிவந்தார். "என்னப்பா ஆச்சு?"

"கால் மடங்கிப் போச்சுங்க."

"எந்திரிச்சு சும்மா நில்லுப்பா, ஓட வேண்டாம்!"

"நிக்க முடியலீங்களே."

"டேய், பேருக்கு நில்லுடா!"

"பேருக்கு எத்தனை நாளைக்குங்க முதலாளி நிக்கறது? டிபனும் திங்காத உடம்பு."

ஹவில்தார் குனிந்து பார்த்தார். "முடியுமா, முடியாதா?" என்று ஒரே கேள்வி. "முடியாதுங்கய்யா" என்று ஒரே பதில். கோட்டுக்கு வெளியே போனார் அண்ணன். ஆறு பேரை எண்ணிப் பார்த்துவிட்டு ஹவில்தார் நீளமாக விசில் ஊதினார். பாதியில் நின்ற ஆட்டத்தையும் சங்கம் வாக்ஓவராகத்தான் எழுதியது. கிளப்பை நீக்கினார்கள். நாங்கள் அத்தனை பேரும் ஃப்ரீ.

அடுத்த வருஷமே அவர்கள் வேறு பெயரில் கிளப் தொடங்கினார்கள். அந்தக் கிளப்தான் பூட்ஸோடு வந்தது. முதலாளி போய் அவர் மகன் தலைவர். செக்ரட்டரி அதே செக்ரட்டரி. கூட்டங்களில் "கோயமுத்தூர் மில்லுக்கு ஆடுன பையனை உருவாக்கினது நாங்கதான்" என்று இன்றைக்கும் பேசுகிறாராம். பெரியவனே, அன்றைக்கு வாசலில் அவர் உன் தலையைத் தடவவில்லை என்பதைக் கவனித்தாயா? குனிந்து உன் கெண்டைக்காலைத்தான் அமுக்கினார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பேச்சு தடித்தது. உனக்கு பூட்ஸ் நான் வாங்கித் தருகிறேன். ஆடு, நன்றாக ஆடு. அந்தக் கை பட்ட பூட்ஸ் நம் வீட்டுக்குள் வர வேண்டாம்.

டிரைவர் அண்ணனை முதலாளி அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்திவிட்டார். அவர் மேட்டுப்பாளையம் போகும் காய்கறி லாரி ஒன்றில் சேர்ந்துகொண்டார். பொங்கலுக்கு முன்னால் தம்பி மலை இறங்கியதும் அந்த லாரியில்தான். கேரட் மூட்டைகளுக்கு மேல் அம்மாவின் பச்சைப் பெட்டியை ஏற்றிக் கட்டிவிட்டு, அண்ணன் சக்கரத்தில் கால் வைத்து ஒரே தாவலில் கீழே குதித்தார்.

தம்பி அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டான்: "அண்ணா, கால் இப்ப எப்படீங்க இருக்குது?"

"எந்தக் கால்?" என்றார் அண்ணன்.